ஒரு சாவும் பத்துப் பாட்டும்

1980 ஜூலையில் வந்த ‘பாக் இன் பிளாக்’ அல்பத்தின் மட்டையில் படம் எதுவும் இல்லை. முழுக்கக் கறுப்பு. குழுவின் பெயர் மட்டும் ஒரு மெல்லிய சாம்பல் கோட்டுக்குள்ள இருக்குது. அந்தக் கோடும் இல்லாமல் வெறும் கறுப்பாகவே விடத்தான் ஏசி/டிசி குழுவினர் விரும்பினார்கள். பெயர் தெரியாவிட்டால் ஆர் வாங்குவினம் எண்டு அற்லாண்டிக் நிறுவனம் தயங்கியதால் அந்தக் கோடு வந்தது. கறுப்புக்குக் காரணம் வடிவமைப்பு ரசனை இல்லை, துக்கம். ஐந்து மாதங்களுக்கு முன்னம் அவர்களின் பாடகன் செத்துப்போயிருந்தான்.

எங்கட வயதுக்காரர் பலருக்கு இந்த அல்பம் இசையாக அறிமுகமாகவில்லை, படமாகத்தான் அறிமுகமானது. 2008இல் வந்த ‘அயர்ன் மான்’ படத்தின் முதற்காட்சியை நினைச்சுப் பாருங்கோ. ஆப்கானிஸ்தான் பாலைவனம், வரிசையாகப் போகும் அமெரிக்க இராணுவ வாகனங்கள், பின்னால ஒரு கிற்றார். அந்தக் கிற்றார்தான் ‘பாக் இன் பிளாக்’. மார்வல் படங்களின் ஆரம்ப இசை எண்டு நாங்கள் நினைச்சுக்கொண்டிருந்தது உண்மையில் ஒரு செத்தவீட்டுப் பாட்டு எண்டு தெரியவர எங்களுக்குப் பல வருசம் எடுத்தது. தெரிஞ்சபிறகு முழு அல்பத்தையும் இருந்து கேட்டோம். பத்துப் பாட்டு, 42 நிமிடம். அழுகை ஒரு இடத்திலும் இல்லை. செத்தவனின் பெயரும் ஒரு இடத்திலும் இல்லை. இதென்ன துக்கம் எண்ட கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குது.

கொஞ்சம் பின்னுக்குப் போவம். மல்கம் யங், அங்கஸ் யங் என்ற இரண்டு சகோதரர்களும் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர்கள். 1963இல் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் ஜோர்ஜ், ‘ஈசிபீற்ஸ்’ குழுவில் வாசித்து முதலே பேரெடுத்தவர். 1973இல் சிட்னியில் தம்பிமார் இருவரும் ஏசி/டிசியைத் தொடங்கினார்கள். அந்தப் பெயரை அக்கா மார்கிரெற் ஒரு தையல் மெசினில் இருந்த எழுத்துகளைப் பார்த்துச் சொன்னது. அங்கஸ் மேடையில் போடும் பள்ளிக்கூடச் சீருடையும் அக்காவின் யோசனைதான். ஆரம்ப அல்பங்களைத் தயாரித்தவர்கள் அண்ணன் ஜோர்ஜும் அவருடைய கூட்டாளி ஹரி வண்டாவும். ஒரு குடும்பக் கடை மாதிரி நடந்த குழு எண்டு சொல்லலாம்.

1974இல் அந்தக் கடைக்குள்ள வந்தவர்தான் பொன் ஸ்கொட். இவரும் ஸ்கொட்லாந்தில் பிறந்து சிறுவயதில் அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர். யங் சகோதரர்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். குரலில் ஒரு குறும்பு இருக்கும், கண் சிமிட்டிக்கொண்டு பாடுற மாதிரி. 1979இல் ‘ஹைவே ரு ஹெல்’ வந்தது. அண்ணனை விட்டிட்டு ‘மட்’ லாங் என்ற புதுத் தயாரிப்பாளருடன் செய்த முதல் அல்பம் அது. அமெரிக்கப் பட்டியலில் முதல் இருபதுக்குள் அவர்கள் நுழைந்ததும் அதோடதான். கதவு அப்போதுதான் திறந்திருந்தது.

அடுத்த அல்பத்துக்கான வேலை லண்டனில் தொடங்கியிருந்தது. பொன் ஒருநாள் ஒத்திகைக்கு வந்து, பாடாமல், ட்ரம்ஸில் இருந்து சகோதரர்களோட வாசித்திட்டுப் போனார். இரண்டு பாட்டுகளின் முதல் வடிவம் அப்படித்தான் பிறந்தது. சில நாள் கழித்து, 1980 பெப்ரவரி 19 அன்று, இரவு முழுக்கக் குடித்த பிறகு காருக்குள் தூங்க விடப்பட்டிருந்த பொன் திரும்ப எழும்பவில்லை. வயது 33. கடுமையான மதுநச்சு எண்டு மரண விசாரணை சொன்னது. குடும்பத்தினர் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஃப்ரீமான்ரிலில் அவரது சாம்பலை அடக்கம் செய்தார்கள்.

குழுவைக் கலைச்சுவிடுவம் எண்டுதான் சகோதரர்கள் முதலில் யோசித்தார்கள். ‘நீங்கள் தொடர்ந்து செய்யவேணும், வேற ஒருத்தரைத் தேடுங்கோ’ என்ற கருத்தில் அவர்களோட கதைச்சது பொன்னின் அப்பாதான் எண்டு சகோதரர்கள் பிறகு நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்கள். இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நின்றுவிட்டோம். மகனை இழந்த தகப்பன் மகனின் வேலையை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லுகிறார். எங்கட ஊரில் எட்டுச்செலவு, முப்பத்தொண்டு, ஆட்டத்திவசம் எண்டு துக்கத்துக்குக் கணக்கு இருக்குது. அந்தக் கணக்கின் வேலை, செத்தவரை மறக்கச் செய்வது இல்லை. இருக்கிறவரைத் திரும்ப அடுப்பு மூட்டச் செய்வது. அந்தத் தகப்பன் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

வந்தவர் பிரையன் ஜோன்சன். இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் பக்கத்தில் பிறந்தவர். 1973இல் ‘ஜோர்டி’ என்ற குழுவோட ஒருசில பாட்டுகள் பட்டியலில் ஏறி இறங்கின. பிறகு வாகனங்களுக்கு மேற்கூரை பொருத்தும் சின்ன வியாபாரம். வயது 32. வாய்ப்பு முடிஞ்சுபோச்சு எண்டு அவரே நினைத்திருந்த நேரம்.

அவருடைய பெயரை முதலில் சகோதரர்களுக்குச் சொன்னது செத்துப்போன பொன்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் பொன் வேறொரு குழுவோட இங்கிலாந்துக்கு வந்தபோது ஜோர்டியின் நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறார். பாடகன் தரையில் விழுந்து, உருண்டு, கத்திக் கத்திப் பாடினானாம். இப்பிடி ஒருத்தனை நான் பார்க்கவே இல்லை எண்டு பொன் பிறகு கூட்டாளிகளுக்குச் சொல்லித் திரிந்தார். அண்டைக்குத் தனக்குக் குடல்வால் அழற்சி, வயித்துவலியில்தான் உருண்டேன் எண்டு பிரையன் பின்னாளில் சிரிச்சுக்கொண்டு சொன்னார். வலியை ஆட்டம் எண்டு ஒருத்தர் நினைக்க, அந்த நினைப்பே மற்றவரின் வாழ்க்கையைத் திருப்பி விட்டது.

1980 ஏப்ரல் மாதத்தில் குழு பஹாமாஸ் தீவுகளின் நாசோ நகருக்குப் போய் இறங்கியது. அங்கே ஐலண்ட் றெக்கோர்ட்ஸ் உரிமையாளர் கிறிஸ் பிளாக்வெல் கட்டிய ‘கொம்பஸ் பொயின்ற்’ ஸ்ரூடியோ. கடற்கரை, தென்னை, வெயில் எண்டு கற்பனை செய்ய வேண்டாம். கருவிகள் சுங்கத்தில் மாட்டுப்பட்டுக் கிடந்தன. புயல் அடிச்சது. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஸ்ரூடியோத் தரையில் நண்டு ஓடித் திரிந்தது. ஆறேழு கிழமையில் வேலை முடியவேணும்.

பிரையனின் நிலைமைதான் மோசம். சேர்ந்து சில கிழமைதான் ஆகியிருந்தது. அதுவரை பெரிதாகப் பாட்டு எழுதிப் பழக்கமும் இல்லை. செத்தவனின் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களின் கண் தன்மேல இருக்குது. சகோதரர்கள் பாட்டின் தலைப்பையும் கிற்றார் வடிவத்தையும் கொடுப்பார்கள், வரிகளை இவர் எழுதவேணும். ‘பாக் இன் பிளாக்’ பாட்டுக்கு அவர்கள் வைத்த நிபந்தனை முக்கியம்: இது பொன்னுக்கானது, ஆனால் சோகமாக இருக்கக் கூடாது, கொண்டாட்டமாக இருக்கவேணும். அந்தப் பாட்டை எழுதவேண்டியவர் பொன்னை நெருங்கிப் பழகாத ஒருவர். செத்தவீட்டுக்கு ஒப்பாரி சொல்ல வெளியூரிலிருந்து வந்த ஆள் மாதிரி. ஆனால் ஒப்பாரியில் வாற வீரமும் பெருமையும் மட்டும் இருக்கவேணும், அழுகை இருக்கக் கூடாது.

அவர் அதை எப்பிடிச் செய்தார்? செத்தவனைப் பற்றிப் பாடாமல், திரும்பி வந்த ஒருத்தனாகப் பாடினார். பாட்டில் ‘நான்’ எண்டு கதைக்கிற ஆள் ஆர்? புதுப் பாடகனா, குழுவா, செத்த பொன்னேதானா? மூண்டு பேராகவும் கேட்கலாம். எங்களுக்குள்ளேயே இதில் மூண்டு கட்சி இருக்குது. பொன்னின் குறிப்புப் புத்தகத்திலிருந்து சில வரிகள் எடுக்கப்பட்டன என்ற பேச்சும் நெடுநாளாக உலாவுது, குழு அதைத் தொடர்ந்து மறுத்துவருகிறது. அந்தப் பேச்சு ஓயாமல் இருப்பதற்கும் இந்த ‘நான்’தான் ஒரு காரணம் எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

வரிகளை விட்டிட்டு ஓசைக்கு வருவோம். இந்த அல்பத்தை நாற்பது வருடத்துக்கு மேல் தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். சாம்பியாவில் பிறந்து தென்னாபிரிக்காவில் வளர்ந்த ‘மட்’ லாங், ஒலிப்பதிவுப் பொறியியலாளர் ரொனி பிளாற், இவர்கள் இருவரும் செய்த வேலையைச் சாதாரண ஹெட்போனிலேயே கேட்கலாம். ஒரு காதில் மல்கம், மற்றக் காதில் அங்கஸ். நடுவில் பில் ரட்டின் ட்ரம்ஸும் கிளிஃப் வில்லியம்ஸின் பேஸும். ஒருத்தர் மற்றவரின் காலை மிதிக்காமல் நிற்கிறார்கள்.

ஹார்ட் றொக் எண்டால் நிறையச் சத்தம் எண்டு ஒரு எண்ணம் இருக்குது. இந்த அல்பத்தில் நடப்பது நேரெதிர். மல்கமின் கிற்றாரில் மற்றக் குழுக்களில் கேட்கிற அளவு கரகரப்புக் கிடையாது. தடிச்ச கம்பிகளை அழுத்தி அடிப்பார், அம்பிளிஃபயரை முறுக்கமாட்டார். அதால ஒவ்வொரு கோர்டும் தெளிவாகத் தொடங்கித் தெளிவாக முடியுது. பில் ரட் ஒரு தேவையில்லாத அடியும் அடிக்கமாட்டார். தலைப்புப் பாட்டைக் கேட்டுப் பாருங்கோ. முதலில் ஹை-ஹற்றும் அமுக்கிப் பிடிச்ச கிற்றார்க் கம்பியும் நாலு எண்ணுது. பிறகு ஈ, டி, ஏ எண்டு மூண்டு கோர்ட். ஒவ்வொரு கோர்டுக்கும் இடையில் கிற்றார் நிற்குது. முழுசாக நிற்குது. அந்த வெறுமைக்குள்ள ட்ரம்ஸ் மட்டும் நடக்குது.

இந்த அல்பத்தின் பொருளே அந்த இடைவெளிதான் எண்டது எங்கட வாதம். அவர்கள் பொன்னின் பெயரைச் சொல்லவில்லை, படம் போடவில்லை, பழைய ஒலிப்பதிவிலிருந்து அவர் குரலை எடுத்து ஒட்டவில்லை. ஒரு இடத்தைக் காலியாக விட்டார்கள். மட்டையில் அது கறுப்பு, பாட்டில் அது கோர்டுக்கும் கோர்டுக்கும் நடுவில் இருக்கிற மௌனம். ஒரு ஆள் இல்லாமல் போனதை நிரப்பி மறைக்காமல், அந்த இல்லாமையைச் சுற்றிப் பாட்டைக் கட்டினார்கள். ஸ்ரூடியோவில் அவர்கள் இப்பிடிக் கணக்குப் போட்டுச் செய்தார்கள் எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. மல்கம் முதலிலிருந்தே அப்பிடி வாசிக்கிற ஆள்தான். ஆனால் பெப்ரவரிக்குப் பிறகு அந்தப் பழைய பழக்கத்துக்கு வேற அர்த்தம் வந்திட்டுது.

அல்பத்தின் முதல் ஓசை கிற்றாரும் இல்லை, குரலும் இல்லை. மணி. ‘ஹெல்ஸ் பெல்ஸ்’ பாட்டின் தொடக்கத்தில் அது மெதுவாக, ஒண்டொண்டாக அடிக்குது. இந்த மணிக்கு ஒரு கதை இருக்குது. இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் முதலாம் உலகப்போரில் செத்தவர்களின் நினைவாக 1923இல் திறந்த ஒரு மணிக்கோபுரம் இருக்குது, 47 மணிகளோட. முதலில் அதைத்தான் பதிவுசெய்யப் போனார் ரொனி பிளாற். ஒவ்வொருமுறை அடிக்கும்போதும் கோபுரத்தில் இருந்த பறவைகள் சிறகடிச்சுக் கலைஞ்சன, அந்தச் சத்தமும் சேர்ந்து பதிவானது. வேலைக்காகவில்லை. கடைசியில் அதே ஊரில் ஜோன் ரெய்லர் வார்ப்புப்பட்டறையில் குழுவின் மேடைக்காகச் செய்த, கிட்டத்தட்ட ஒரு தொன் எடையுள்ள மணியைத்தான் பட்டறைக்குப் போய்ப் பதிவுசெய்தார்கள். போரில் செத்தவர்களுக்கான மணியைத் தேடிப்போய், ஒரு பாடகனுக்கான மணியோட திரும்பியிருக்கிறார்கள். பிறகு அந்த மணி அவர்களோட ஊர் ஊராகப் போனது, பிரையன் மேடையில் அதில் தொங்கி ஆடினார்.

சத்தத்தால துக்கம் சொல்லுறது எங்களுக்குப் புதுசு இல்லை. கோயில் மணியும் தேவாலய மணியும் வேற வேற மாதிரி அடிச்சால் ஆரோ போயிட்டினம் எண்டு அம்மம்மாமார் சொல்லுவினம். செத்தவீட்டுப் பறையும் மெதுவாக அழாது, ஊருக்குக் கேட்க அடிக்கும். (அதை ஆர் அடிக்கவேண்டியிருந்தது என்பது சாதியின் கதை, அதைத் தனியாகத்தான் எழுதவேணும்.) அமைதியாக இருந்தால்தான் துக்கம் என்ற எண்ணம் எங்கட மண்ணுக்கு உரியது இல்லை. அதால ‘ஹெல்ஸ் பெல்ஸ்’ எங்களுக்கு உடன விளங்கியது.

இனி, எங்களுக்கு ஒத்துவராத விசயங்கள். இரண்டு இருக்குது.

ஒண்டு குடி. அல்பத்தில் ‘ஹெவ் எ ட்ரிங்க் ஒன் மீ’ எண்டு ஒரு பாட்டு இருக்குது. குடிச்சுச் செத்த ஒருவருக்கான அல்பத்தில், என்ர கணக்கில ஒண்டு குடி எண்டு கூப்பிடுகிற பாட்டு. பொன் ஒத்திகையில் ட்ரம்ஸ் வாசித்த இரண்டில் இதுவும் ஒண்டு. அதால அதை விட்டிட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை எண்டு ஒருசிலர் எங்களுக்குள் வாதாடினார்கள். செத்தவரின் கையால் தொட்டதை எறியேலாது எண்டு. மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. குடியால் ஒழுங்கைக்கு ஒரு வீடாவது அழியும் ஊர்களிலிருந்து வாறவர்களுக்கு அந்தப் பாட்டை மேசையில் தட்டித் தாளம் போட்டுக் கேட்க முடியாது. கொண்டாட்டமாகத் துக்கம் அனுட்டிக்கிறதில் ஒரு வில்லங்கம் இருக்குது. எது அந்த ஆளைக் கொண்டு போனதோ, அதையும் சேர்த்துக் கொண்டாடவேண்டி வரும்.

மற்றது பெண்கள். ‘யூ ஷுக் மீ ஓல் நைற் லோங்’ இந்த அல்பத்தின் மிகப் பிரபலமான பாட்டுகளில் ஒண்டு, உலகம் முழுக்கக் கலியாண வீடுகளில் ஆடுகிறார்கள். அதில் பெண் ஒரு ஓடுற இயந்திரம் மாதிரித்தான் வருகிறாள். வேற இரண்டு மூண்டு பாட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். 1985இல் அமெரிக்காவில் அரசியல்வாதிகளின் மனைவிமார் சேர்ந்து தொடங்கிய பிஎம்ஆர்சி என்ற அமைப்பு, ஆபாசமானவை எண்டு 15 பாட்டுகளைப் பட்டியலிட்டபோது, இந்த அல்பத்தின் ‘லெற் மீ புற் மை லவ் இன்ரு யூ’வும் அதில் இருந்தது. இசைத்தட்டுகளில் பெற்றோருக்கான எச்சரிக்கை ஒட்டுகிற வழக்கம் அந்தப் பிரச்சாரத்தோடதான் வந்தது. எங்களில் பெண்கள் சொன்னதை இங்கே எழுதவேணும்: தடைசெய்யக் கேட்டவர்களின் கவலை ஒழுக்கம், எங்கட கவலை மரியாதை, இரண்டும் ஒண்டில்லை. பாட்டை மறைக்கத் தேவையில்லை. கேட்டிட்டு, இதில் நாங்கள் எங்கே நிற்கிறம் எண்டு கேட்டால் போதும். அந்த இடைவெளிக்குள்ள ஆம்பிளையளுக்கு மட்டும்தானே இடம் விட்டிருக்கினம் எண்டு ஒரு தோழி கேட்டாள். அதுக்கு எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

அல்பம் வெளிவந்தபோது பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் முதலிடம், அமெரிக்காவில் நான்காமிடம். பிறகு நிற்காமல் விற்றது. அமெரிக்காவில் மட்டும் 25 மில்லியனுக்கு மேல் எண்டு அதிகாரபூர்வச் சான்றிதழ் சொல்லுது. இதில் எங்களுக்குப் பிடிச்ச தகவல் வேற. இதன் வெற்றியைப் பார்த்த நிறுவனம், பொன் பாடி 1976இல் வந்த ‘டேர்ட்டி டீட்ஸ் டன் டேர்ட் சீப்’ அல்பத்தை 1981இல் அமெரிக்காவில் வெளியிட்டது. அது மூன்றாமிடம் வந்தது. செத்தவன், தனக்காகச் செய்த அல்பத்தைவிட ஒரு படி மேலே போய் நின்றான்.

செல்வாக்கைப் பற்றிக் கதைக்கும்போது வழமையாக இதைப் பார்த்துக் கிற்றார் பிடிச்ச குழுக்களின் பட்டியல் வரும். அதை நாங்கள் செய்யவில்லை. மூண்டு விதமான பயணத்தை மட்டும் சொல்லுறம், ஏனெண்டால் மூண்டும் அந்த இடைவெளியால்தான் நடந்தது.

முதலாவது, ஒலிப்பதிவுக்காரரின் பயணம். மேடையிலோ ஸ்ரூடியோவிலோ ஸ்பீக்கர் சரியாக இருக்குதோ எண்டு பார்க்க இந்த அல்பத்தைப் போட்டுப் பார்க்கிற வழக்கம் உலகத்தில் பல இடங்களில் இருக்குது. ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக, இடம் விட்டு நிற்கிறதால, எது குறையுது எது கூடுது எண்டு உடன தெரியும். ‘மட்’ லாங் இதில் படிச்ச பாடத்தை டெஃப் லெப்பர்டின் ‘பைரோமேனியா’வுக்கும் (1983), பிற்காலத்தில் ஷனாயா ட்வேனின் நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகளுக்கும் கொண்டுபோனார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வானொலியில் கேட்ட பெரிய ட்ரம்ஸுக்கும் கூட்டுக்குரலுக்கும் வேர் தேடிப்போனால் நாசோவின் நண்டு ஓடிய தரையில் வந்து நிற்கலாம்.

இரண்டாவது, ஹிப்-ஹொப்பின் பயணம். மூண்டு கோர்டும் நடுவில் வெறும் ட்ரம்ஸும் எண்டால் றப் பாடுகிறவருக்கு அது திறந்த வாசல். 1984இல் நியூயோர்க்கில் றிக் றூபின் தயாரித்த ‘பீஸ்ரி போய்ஸ்’ குழுவின் ‘றொக் ஹார்ட்’, ‘பாக் இன் பிளாக்’ பாட்டை வெட்டி எடுத்துத்தான் கட்டப்பட்டது. 1987இல் ‘பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ்’ தங்கட ‘டோப் பீற்’ பாட்டில் அதையே எடுத்தார்கள். வெள்ளைத் தொழிலாளி வர்க்கப் பெடியளின் இசை, பிரொங்ஸ் தெருவின் கறுப்பினப் பெடியளின் கையில் வேற வாழ்க்கை எடுத்தது. ஏசி/டிசிக்கு இது பிடிக்கவில்லை. பிறகு பீஸ்ரி போய்ஸ் அந்தப் பாட்டைத் தொகுப்பில் சேர்க்க அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். உங்களோட கோபம் இல்லை, வெட்டி எடுக்கிறதுதான் எங்களுக்கு ஒத்துவராது என்ற தொனியில் பதில் வந்ததாம். வெறும் இடத்தை விட்டவர்களுக்கு அதில் ஆர் வந்து குந்தலாம் எண்டு தீர்மானிக்க விருப்பம் இருந்திருக்குது.

மூன்றாவது பயணத்தைச் சொல்லாமல் விட ஆசைதான், ஆனால் அது நேர்மை இல்லை. 2004 நவம்பரில் ஈராக்கின் ஃபலூஜா நகருக்குள் அமெரிக்கப் படை நுழைந்த இரவைப் பற்றி நியூயோர்க் ரைம்ஸ் செய்தியாளர் டெக்ஸ்ரர் ஃபில்கின்ஸ் தன்னுடைய ‘த ஃபொரெவர் வோர்’ புத்தகத்தின் முதல் பகுதியில் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள். மறுபக்கம் படையினரின் ஒலிபெருக்கியில் ஏசி/டிசி. அந்தப் பகுதிக்கு அவர் வைத்த தலைப்பே ‘ஹெல்ஸ் பெல்ஸ்’தான். போரில் செத்தவர்களின் கோபுரத்தில் தேடத்தொடங்கின மணி, கடைசியில் ஒரு போருக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. ‘அயர்ன் மான்’ முதற்காட்சியில் அந்தப் பாட்டு ஏன் இராணுவ வாகனத்துக்குள் ஒலிக்குது எண்டு இப்ப விளங்குது. அது இயக்குநரின் கற்பனை மட்டும் இல்லை.

எங்களில் சிலர் 2009இல் ஆறேழு வயதுப் பிள்ளைகள். சத்தத்துக்குப் பயப்படப் பழகின காது எங்களுடையது. ஒலிபெருக்கி எண்டால் திருவிழாவும்தான், அறிவித்தலும்தான். ஒரு நகரத்து மக்களை நோக்கித் திருப்பி வைச்ச ஸ்பீக்கரிலிருந்து இந்த மணி எப்பிடிக் கேட்டிருக்கும் எண்டு நாங்கள் யோசிக்காமல் இருக்கேலாது. பாட்டின் குற்றமா? இல்லை எண்டுதான் சொல்லுவம். ஆனால் பெயர் சொல்லாத துக்கத்தில் உள்ள ஆபத்து இதுதான். ஆருக்கான மணி எண்டு சொல்லாவிட்டால், ஆரும் அதை எடுத்து அடிக்கலாம்.

இதோட சேர்ந்த இன்னொரு யோசனையும் எங்களுக்குள்ள வந்தது. ஏசி/டிசி செத்தவனின் பெயரைச் சொல்லாமல் விட்டது அவர்களின் தெரிவு. சொல்லியிருந்தாலும் ஆரும் கேள்வி கேட்டிருக்கமாட்டினம். எங்கட பக்கத்தில் பெயர் சொல்லி, விளக்குக் கொளுத்தி, ஊர் கூடி அழுவதற்கே அனுமதி கேட்டு நின்ற வருசங்கள் இருக்குது. மௌனத்தைத் தெரிவு செய்கிறதுக்கும் மௌனமாக்கப்படுகிறதுக்கும் இடையில் கடலளவு தூரம் இருக்குது. அந்தக் கோர்டுகளுக்கு இடையிலான மௌனம் எங்களுக்கு அழகாகப் படுவதற்குக் காரணம், அது ஒருத்தரும் கட்டாயப்படுத்தாத மௌனம் என்பதுதான்.

குழுவின் கதை பிறகும் ஓடுது. 2014இல் மறதிநோய் காரணமாக மல்கம் விலகினார். அவர் இடத்துக்கு வந்தது அண்ணன் மகன் ஸ்ரீவி யங். 2016இல் கேட்கும் திறன் போய்விடும் எண்டு வைத்தியர்கள் எச்சரித்ததால் பிரையன் சுற்றுப்பயணத்தை நடுவில் நிறுத்தினார், மீதி நிகழ்ச்சிகளை அக்ஸல் றோஸ் பாடினார். செத்தவனின் இடத்துக்கு வந்தவர், தன் இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்க்கவேண்டி வந்தது. 2017 நவம்பரில் மல்கம் இறந்தார், வயது 64. அதுக்குச் சில கிழமைக்கு முன்னம்தான் அண்ணன் ஜோர்ஜ் இறந்திருந்தார்.

பிறகு என்ன செய்தார்கள்? 1980இல் செய்ததையே திரும்பச் செய்தார்கள். பிரையன் திரும்பி வந்தார். மல்கம் விட்டுப்போன கிற்றார் வடிவங்களை எடுத்துக்கொண்டு ஸ்ரூடியோவுக்குள் போனார்கள். 2020 நவம்பரில் ‘பவர் அப்’ வந்தது, மல்கமுக்குச் சமர்ப்பணமாக. அதிலும் அழுகை இல்லை, அதே தாளம்தான். நாற்பது வருசத்துக்குப் பிறகும் இவர்களுக்குத் தெரிஞ்ச ஒரே அஞ்சலி வேலைக்குப் போறதுதான். முதற்தடவை அது ஒரு குழுவைக் காப்பாற்றியது. இரண்டாந்தடவை காப்பாற்றப் பெரிதாக ஒண்டும் இருக்கவில்லை, எல்லாரும் கிழவர்கள், காசும் பேரும் போதுமான அளவு இருந்தது. அப்பிடியிருந்தும் போனார்கள். எங்களுக்கு இதில் அந்த இரண்டாந்தடவைதான் கூடப் பிடிச்சிருக்குது.

‘பாக் இன் பிளாக்’ குறை இல்லாத அல்பம் எண்டு நாங்கள் சொல்லமாட்டோம். மேலே எழுதினதுக்குப் பிறகு சொல்லவும் ஏலாது. ஆனால் கேளுங்கோ, போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போன் போட்டுக் கேளுங்கோ. தலைப்புப் பாட்டில் கிற்றார் நிற்கிற இடங்களைக் கவனியுங்கோ. அங்கே உங்களுக்கு ஆற்ற ஞாபகம் வருகுதோ, அவருக்காக ஒருக்கால் முழுசாகக் கேளுங்கோ.